மரக் கோயிலில் விடுபட்ட மனிதர்

ஹென்டர்சன், ஆக்லண்ட்
08.09.2013

அன்புள்ள யோகராணி அக்காவுக்கு,

தங்கச்சி குணவதி எழுதுவது. நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் சீனி வருத்தமும் கட்டுக்குள் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

போன கிழமை போனில் நான் டூர் போகிறேன் என்று சொல்ல, ஊருக்கு வருகிறேன் என்று உங்களுக்குக் கேட்டிருக்கிறது. பின் அறையைக் கழுவிக் கட்டிலுக்குப் புதுவிரிப்பும் போட்டுவிட்டீர்களாம். அத்தான்தான் சொன்னார். உங்கள் காது மெஷின் சரிவரும் வரைக்கும் இனிக் கடிதம்தான்.

ஊருக்கு இல்லை அக்கா. எங்கள் முதியோர் சங்கத்தில் ஒருநாள் சுற்றுலா. இரண்டு பழைய வேதக் கோயில்கள், இரண்டு மியூசியங்கள். மலேசியாவில் இருந்து வந்த கிளமென்ட் என்பவர் ஒழுங்கு செய்கிறார். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் எல்லாரோடும் நல்ல வாரப்பாடு. பஸ்ஸில் இருபத்தாறு பேர்.

எங்கள் வீட்டில் இவர் தை மாதம் ஓய்வு எடுத்ததில் இருந்து முன் அறையில் பேப்பரோடு இருக்கிறார். நான் பின் அறையில் நாடகம் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் சந்திப்போம். முப்பத்தெட்டு வருடமாகப் பார்த்த முகம், புதிதாகக் கதைக்க என்ன இருக்கிறது? வித்தியாதான் வெஸ்ட்கேட்டில் இருந்து போன் எடுத்து, "அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டாள். இவர் கந்தோர் வேலைக்குப் போகிறவர் மாதிரிக் கறுப்புக் கோட்டும் டையும் எடுத்து வைத்திருக்கிறார்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை
குணவதி

---

ஹென்டர்சன்
22.09.2013

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு எழுதுகிறேன். இவருக்குத்தான் நேற்று இரவில் இருந்து தடிமனும் காய்ச்சலும்.

நேற்று டூர் போய் வந்தோம். நீங்கள் போனில் கேட்டதற்கு மறுமொழி: ஓம், இது மலைநாடுதான். ஆனால் ஹட்டன், நுவரெலியா போல இல்லை. ஆக்லண்ட் நகரத்துக்குள்ளேயே எரிமலைகள் வீட்டுக்குப் பின்வளவில் நிற்பது மாதிரி நிற்கின்றன. நெருப்பெல்லாம் அணைந்து புல் முளைத்து, மேலே மாடு மேய்கிறது.

முதல் பார்த்த கோயில் அப்படி ஒரு மலையின் அடிவாரத்தில். முழுக்க மரம். கூரை நல்ல செங்குத்து. பக்கத்தில் சேமக்காலை, வரிசையாகக் கல்லறைகள். கண்ணாடி யன்னல்களில் வெயில் பட, நிலமெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. பிறகு பெரிய மியூசியத்தில் ஒரே மரத்தில் குடைந்த மாவோரி வள்ளம் பார்த்தோம். எங்கள் தோணி அதற்குள் நாலு போகும். அதன் பிறகு பழைய ட்ராம் வண்டிகள் வைத்திருக்கும் மியூசியம். மற்றக் கோயிலுக்கு நேரம் போதவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வேதவள்ளி. அவவும் மலேசியாதான். மாமியாரைப் பற்றி அவ சொன்ன கதைக்கு நான் வயிறு நோகச் சிரித்தேன்.

புரட்டாதிச் சனி என்றபடியால் சைவக்காரருக்கு நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு பார்சலிலும் பெயர் எழுதினேன். நல்லாயிருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

இவரும் பார்த்தார். முதற்கோயிலைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கராஜுக்குப் பின்னால் போய், கோட்டோடும் டையோடும் நின்று, பூக்கண்டுக்குத் தண்ணீர் விடுகிற குழாயால் தலையில் ஊற்றினார். இங்கே இன்னும் குளிர். "என்னப்பா இது?" என்று கேட்டேன். "தூசி" என்றார். அதனால்தான் காய்ச்சல்.

இருமல் கேட்கிறது. கொத்தமல்லி அவிக்கப் போகிறேன்.

குணவதி

---

ஹென்டர்சன்
24.09.2013

அன்பும் மதிப்பும் உள்ள சகலன் கதிர்காமநாதன் அண்ணை அவர்களுக்கு,

ஏரம்பமூர்த்தி எழுதிக்கொள்வது. தங்கள் தேகசுகம் அறிய ஆவல். இக்கடிதம் தங்கள் கண்ணுக்கு மட்டும் உரியது. மச்சாள் வாசிக்கக்கூடாது.

சென்ற சனிக்கிழமை நடந்த சுற்றுலாவில், முதற்கோயிலின் யன்னல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ் புறப்பட்டுவிட்டது. கிளமென்ட் தலையெண்ணும்போது சாரதியையும் சேர்த்து எண்ணிவிட்டார். என்னுடைய போன் குணவதியின் கைப்பையில். ஆகையால் கோயிலுக்குள் போய்க் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணியளவில் சிலர் வந்தார்கள். எல்லாரும் வயோதிபர். ஒரு பெண் எனக்கு ஒரு தாள் தந்தார். சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் என்று வாங்கினேன். முன்பக்கப் படத்தில் இருந்த வெள்ளைக்காரரைக் கோயில் கட்டியவர் என்று நினைத்தேன். வாசலில் ஒரு கொப்பி இருந்தது. பார்வையாளர் கொப்பி என்று, பெயர் விலாசம் எழுதி, "மிக நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. மீண்டும் வர விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு உள்ளே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அது செத்தவீடு என்று விளங்கியது. நான் அணிந்திருந்தது கறுப்புக் கோட். எழும்பிப் போவது மரியாதை இல்லை.

பெண் பாதிரியார் என்னிடம் வந்து, "வால்டரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "இப்போதுதான் தெரியும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "எல்லோருக்கும் அப்படித்தான், திடீரென்று" என்றார். பிறகு, ஒரு கை குறைகிறது, உதவுவீர்களா என்று கேட்டார். வாங்கு நகர்த்தத்தான் கேட்கிறார் என்று ஓம் சொல்லிவிட்டேன்.

அண்ணை, வாங்கு இல்லை. பிரேதப் பெட்டி. அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் தூக்கக்கூடிய ஆண்கள் ஐந்து. அந்த ஐவரில் ஒருவருக்கு இடுப்பு மாற்றியிருக்கிறது. நான் இடப்பக்கம் நடுவில் பிடித்தேன். சேமக்காலை வரைக்கும் மேடு. மனுசன் பாரம்தான். ஆனால் விடவில்லை.

பிறகு தேநீர் தந்தார்கள். சாண்ட்விச்சும் தந்தார்கள். சீஸ் என்று நினைத்து ஒன்று சாப்பிட்டேன். பாதியில் பார்த்தேன், சீஸ் இளஞ்சிவப்பாக இராது, இறைச்சிதான் இருக்கும்.

எனக்குத் தங்களிடம் இரண்டு சந்தேகம். அந்நியருடைய பிரேதம் தூக்கினால் எத்தனை நாள் தீட்டு? வீட்டில் விளக்கேற்றலாமா? தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

தங்கள் சகலன்
ஏ. ஏரம்பமூர்த்தி

---

சாவகச்சேரி
09.10.2013

அன்புள்ள குணவதிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் சுகம். முழங்கால் தன் பாட்டுக்கு நோகிறது. மூர்த்தித் தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருக்கும்.

மாவோரி வள்ளத்துக்குள் நாலு தோணி போகும் என்று எழுதியிருக்கிறாய். வேதவள்ளியின் மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறாய். யன்னல் எத்தனை நிறம் என்றும் எழுதியிருக்கிறாய். உன்ரை புருசன் மத்தியானம் எங்கே இருந்து சாப்பிட்டவர் என்று ஒரு வரி இல்லை. "நல்லாயிருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்" என்றால் அவரும் சொன்னாரா?

இன்னொன்று. கோட்டோடு நின்று தலையில் தண்ணீர் ஊற்றுகிறவன் தூசிக்கு ஊற்றுவதில்லை. செத்தவீட்டால் வந்தவன்தான் அப்படித் தோய்வான். மியூசியத்தில் யார் செத்தது?

மறைக்காமல் எழுது.

அக்கா
யோகராணி

---

சாவகச்சேரி
13.10.2013

தம்பி மூர்த்திக்கு,

சீனி 160. மற்றப்படி சுகம். உமது கடிதம் நேற்று வந்தது.

தீட்டு இல்லை. ஆளில்லாப் பிரேதத்துக்குத் தோள் கொடுத்தால் புண்ணியம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொன்னது. விளக்கேற்றலாம். இளஞ்சிவப்பைப் பற்றி நான் ஒன்றும் வாசிக்கவில்லை.

மச்சாள் மணம் பிடித்துவிட்டா, கவனம். உமது கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். அதை இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் தொடுவதில்லை.

கதிர்காமநாதன்

---

ஹென்டர்சன்
18.10.2013

என் அன்பு அக்காவுக்கு,

சுகம் கேட்க வேண்டும், கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று நாளாக நித்திரை இல்லை. உங்களிடம் இருந்து இன்னும் மறுமொழியும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இவருக்கு ஒரு கார்ட் வந்தது. முன்னுக்குப் பூப்படம். உள்ளே எழுதியிருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்.

"அன்புள்ள திரு மூர்த்தி, அந்தச் சனிக்கிழமை உங்கள் தோள் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. முன்பின் தெரியாத எனக்கு நீங்கள் காட்டிய அன்பை மறக்க மாட்டேன். நீங்கள் எழுதியதை வாசித்துப் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். கட்டாயம் ஒருநாள் தேநீருக்கு வரவேண்டும். டோரதி."

தோள் அக்கா. தோள் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்துச் சரிதானா என்று பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.

"ஆர் டோரதி?" என்று கேட்டேன். "தெரிஞ்ச மனிசி" என்றார். எங்கே தெரிந்தது என்று கேட்க, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். நேற்றுச் சப்பாத்து மினுக்கினார். ஓய்வெடுத்த பிறகு இந்த மனிதர் சப்பாத்து மினுக்கி நான் காணவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டு, நல்லாயிருக்குது என்றும் சொன்னார். அதுதான் எனக்கு நெஞ்சு இடித்தது.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இவர் முதற்கோயிலைக் கூடுதலாகப் பார்க்கவில்லை. நாங்கள் விட்டுவிட்டுப் போய்விட்டோம். நான் முன்னுக்கு வேதவள்ளியோடு இருந்தேன். இவர் பின்னுக்கு ஆண்களோடு இருக்கிறார் என்று நினைத்தேன். பெரிய மியூசியத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பாடு கொடுக்கும்போது ஒரு பார்சல் மிச்சம். திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்தில் 'ஏரம்பமூர்த்தி' என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இப்படி ஒருவர் வந்தார் என்ற நினைப்பே வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம்.

அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு டோரதி வந்துவிட்டாள். நான் யாரைக் குறை சொல்வது?

அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்.

குணவதி

---

சாவகச்சேரி
03.11.2013

அன்புத் தங்கச்சி,

அழாதே. இதை இருந்து வாசி.

நேற்றுக் கார்த்திகை விரதம் எப்போது என்று பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். உள்ளே உன்ரை புருசனின் கையெழுத்தில் ஒரு கடிதம். அத்தான் கிணற்றடியில் நின்றார். முழுக்க வாசித்துவிட்டேன்.

டோரதிக்கு எண்பத்தைந்து வயதாவது இருக்கும். அவவின் புருசனின் செத்தவீட்டில் பெட்டி தூக்க ஆள் காணாமல் உன்ரை மனுசன் தூக்கியிருக்கிறார். தோள் என்றால் அந்தத் தோள். வேதக் கோயில் சாண்ட்விச்சும் ஒன்று சாப்பிட்டிருக்கிறார். அதை அவரே உனக்குச் சொல்லட்டும். நீ கேட்காதே.

அவர் எழுதினதை எல்லாம் நம்புகிறேன், ஒன்றைத் தவிர. யன்னல் பார்த்துக்கொண்டிருக்க பஸ் போய்விட்டதாம். இருபத்தாறு பேர் போகிற பஸ் வெளிக்கிடுகிற சத்தம், மெஷின் போடாத எனக்கே கேட்கும். அவருக்குக் கேட்கவில்லையா?

அதை மட்டும் மெல்லமாகக் கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே. அத்தானிடம் நானும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். அவர் கண்டுபிடிக்கட்டும்.

அக்கா

---

ஹென்டர்சன்
24.11.2013

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை உண்மையாகவே சுகம். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பின்னதை முதலில் உடைத்துவிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

அடுத்த நாள் காலை, பேப்பருக்குப் பின்னால் இருந்த மனிதரிடம் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அண்டைக்கு நீங்கள் ஆரைத் தூக்கினனீங்கள்?"

பேப்பர் மெதுவாக இறங்கியது. "வால்டரை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"செத்தவீட்டுத் தீட்டோடை வீட்டுக்குள்ளை வந்திட்டன் எண்டு நீ ஏசுவாய். சாண்ட்விச்சும் ஒண்டு சாப்பிட்டனான்."

"என்ன சாண்ட்விச்?"

"சிவப்பு."

நான் ஏசவில்லை. டோரதிக்குப் போன் எடுக்கச் சொன்னேன். சனிக்கிழமை இருவரும் ரயிலில் மவுண்ட் ஈடன் போனோம். நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். சின்ன உருவம், கையில் தடி. வால்டர் தச்சு வேலை செய்தவராம். கூடப் பழகினவர்கள் எல்லாரும் அவருக்கு முதலே போய்விட்டார்களாம். கொப்பியை எடுத்துக் காட்டினா. மற்ற எல்லாரும் துக்கம் எழுதியிருக்க, நடுவில் இவர், நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, மீண்டும் வருவேன் என்று. "வால்டர் இருந்திருந்தால் இதற்குத்தான் கூடச் சிரித்திருப்பார்" என்றா. பிறகு கண்ணைத் துடைத்தா.

போகப்போகிற நேரம், நல்ல மனத்தோடுதான், என்னைப் பார்த்துச் சொன்னா. "பஸ் போறதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். ஏன் கையைக் காட்டவில்லை என்று கேட்டேன். சும்மா சிரித்தார்."

இவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் ஐந்தாறு ஸ்டேஷன் வரை மிச்ச வடைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"ஏன் கையைக் காட்டேல்லை?"

"நீ யன்னலோரம் இருந்தாய். ஏதோ கதைக்குச் சிரிச்சுக்கொண்டிருந்தாய். நீ அப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் பாக்கேல்லை. குழப்ப மனம் வரேல்லை."

 அவரே தொடர்ந்தார். "பிறகு பஸ் திரும்பேக்குள்ளை நினைச்சன், இவள் எப்ப பின்னாலை பாப்பாள் எண்டு. பாத்துக்கொண்டு நிண்டனான். அவ்வளவுதான்."

அக்கா, மூன்று மணித்தியாலம் அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இடையில் ஒரு பிரேதமும் தூக்கியிருக்கிறார்.

அப்போது நானும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். பார்சலைக் கண்டதும் கிளமென்ட்டிடம் பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன். அவர், "பதட்டப்படாதீங்க குணாக்கா, சர்ச்சுக்குப் போன் போட்டுக் கேக்குறேன், அவரு எங்கயும் போயிருக்க மாட்டாரு லா" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பார்சலையும் எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி டாக்ஸி மறித்தேன். ஆக்லண்டுக்கு வந்து பதினாலு வருடத்தில் நான் தனியே டாக்ஸி ஏறினது அன்றைக்குத்தான். ஓட்டினவர் ஒரு பஞ்சாபிக்காரர். எந்தக் கோயில் என்று கேட்டார். பெயர் தெரியாது, மரக் கோயில் என்றேன். "அம்மா, இந்த ஊரில் பழைய கோயில் முக்கால்வாசியும் மரம்தான்" என்றார். மலைக்குப் பக்கத்தில் என்றேன். "மலை ஐம்பதுக்கு மேலே இருக்கு" என்றார். ஒரு கோயிலில் கலியாணம் நடந்தது. அதற்குள்ளும் ஓடிப்போய் வாங்கு வாங்காகப் பார்த்தேன். இன்னொன்று பூட்டிக் கிடந்தது. சுற்றி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவதில்தான் இவர் வாசலில் தனியே தேத்தண்ணியோடு இருந்தார். அதே டாக்ஸியில் ட்ராம் மியூசியத்துக்குப் போய் மற்றவர்களைப் பிடித்தோம்.

"கிளமென்ட் அனுப்பின கார் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் இவர்.

"கிளமென்ட் அனுப்பினால் நான் ஏன் ஒற்றைச் செருப்போடை வந்தனான்? மற்றது அந்தக் கலியாண வீட்டுப் புல்லுக்குள்ளை விழுந்திட்டுது."

"அதையும் நான் கவனிக்கேல்லை" என்றார்.

பிறகு என்ன கதைத்தோம் என்று கேட்காதீர்கள். பலதும் கதைத்தோம். ஹென்டர்சன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்கு அரை மணித்தியாலம் குந்தியிருந்தோம். மிச்ச வடையை இருவரும் சாப்பிட்டோம்.

அத்தானை ஏச வேண்டாம். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

உங்கள் தங்கச்சி
குணவதி

---

ஹென்டர்சன்
15.12.2013

அன்புள்ள சகலன் அண்ணைக்கு,

தங்களுக்கும் மச்சாளுக்கும் சுகம் மலிக. பஞ்சாங்கச் செய்தி அறிந்தேன். பெருமூச்சு விட்டேன். இனித் தங்களுக்கு இரகசியம் எழுதுவதில் பயனில்லை. ஆகையால் மச்சாளும் வாசிக்கட்டும்.

இங்கே என் நிலைமை மாறிவிட்டது. முன் அறையில் இருந்து பேப்பர் வாசிக்க முடியவில்லை. குணவதி நாடகத்தைப் பாதியில் விட்டு வந்து, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று சொல்கிறாள். நானும் யார் நல்லவன் என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். சங்கத்தின் அடுத்த டூரில் தலையெண்ணும் பொறுப்பைக் கிளமென்ட்டிடம் இருந்து பறித்துவிட்டாள். தலையை எண்ணமாட்டாளாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்துத்தான் ஏற்றுவாளாம்.

நேற்று வெஸ்ட்கேட்டில் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். நத்தார்ப் பண்டிகைச் சனம். அவள் மரக்கறிப் பக்கம் போனாள். நான் பிஸ்கட் அடுக்கியிருக்கும் பக்கம் போனேன். ஐந்து நிமிடம் இராது அண்ணை. ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, "மிஸ்டர் எ... எரம்பா... மூட்டி" என்று தட்டுத்தடுமாறிக் கூப்பிடுகிறது. "உங்கள் மனைவி முன்வாசலில் காத்திருக்கிறார்" என்கிறது. கடை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. பிஸ்கட் எடுக்க வந்த ஒரு கிழவர், அது நீங்களா என்று என்னைக் கேட்டார். ஓம், நான்தான் என்றேன். போகவில்லையா என்றார்.

முன்வாசல் எனக்கு நேரே தெரிந்தது. கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி உயர்த்தி, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நான் பிஸ்கட் பக்கத்திலேயே நின்றேன்.

தங்கள் அன்புச் சகலன்
ஏ. ஏரம்பமூர்த்தி